நத்தார் மரக் கண்ணாடி அணிகள்: கைவினையும் குறியீடும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பெரும் போர்களையும் அரச மரபுகளையும் சாசனங்களையும் ஆராயும் வரலாற்றாசிரியர்கள், வீட்டு மூலையில் ஆண்டுக்கு ஒருமுறை தொங்கவிடப்பட்டுப் பின்னர் பெட்டியில் அடைக்கப்படும் சிறு பொருள்களைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நத்தார் மரத்தில் தொங்கும் கண்ணாடி அணிகள் அத்தகையன. முட்டை ஓட்டிலும் மெல்லியனவாகிய இவை ஐரோப்பாவின் குடிசைக் கைத்தொழில், அத்திலாந்திக் கடல் கடந்த வணிகம், இரு உலகப் போர்கள், இயந்திர உற்பத்தி ஆகிய அனைத்தினதும் சுவடுகளைத் தம்மீது தாங்கி நிற்பன. இன்று இவை சேகரிப்போரின் விருப்பத்துக்குரிய பொருள்களாகியுள்ளன. சேகரிப்போருக்கென எழுதப்படும் கைந்நூல்கள் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பொருளைக் கூறுகின்றன. மீன் கிறிஸ்துவைக் குறிக்கும். காளான் நற்பேற்றைக் குறிக்கும். வீடு பாதுகாப்பைக் குறிக்கும். முயல் நம்பிக்கையைக் குறிக்கும். இவை யாவும் பண்டைய ஜேர்மானிய மரபு என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்டும் விடுகின்றன.

இக்குறியீடுகள் உண்மையிலேயே பண்டையனவா? அவற்றுக்குப் பொருள் கற்பித்தோர் யாவர்? அவ்வணிகளை ஊதிச் செய்தோரா, விற்றோரா, வாங்கினோரா? இவ்வினாக்களுக்கு விடைகாண வேண்டுமாயின் அணிகளின் பொருளை மட்டுமன்றி அவை பொருள்களாக உருவான சூழலையும் நோக்குதல் அவசியமாகும்.

மரமும் அதன் முதல் அணிகளும்

நத்தார் மரம் பற்றிய தொடக்ககாலச் சான்றுகள் ரைன் நதியின் மேற்பகுதியிலுள்ள அல்சாஸ் பிரதேசத்திலிருந்து கிடைக்கின்றன. செலஸ்தா நகரின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேடு, நத்தார் காலத்தில் காட்டு மரங்களைக் காவல் செய்தோருக்குக் கொடுத்த கூலியைக் குறிப்பிடுகின்றது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வீட்டு அறைகளில் மரங்களை நிறுத்தி, காகித ரோசாக்கள், அப்பிள்கள், மெல்லிய அப்பத் தகடுகள், பொற்றகடு, சீனிப் பண்டங்கள் ஆகியவற்றைத் தொங்கவிட்டனர் என 1605ஆம் ஆண்டைச் சார்ந்த குறிப்பொன்று கூறுகின்றது.

இவற்றுள் அப்பிளும் அப்பமும் ஊன்றிக் கவனிக்கத்தக்கன. மத்தியகாலத் திருச்சபை மரபில் டிசெம்பர் 24ஆம் நாள் ஆதாம், ஏவாள் ஆகியோரின் நாளாகும். அந்நாளில் நடிக்கப்பெற்ற 'பரதீசு நாடக'த்தில் அப்பிள் தொங்கும் மரமொன்று மேடையில் நின்றது. அப்பிள் வீழ்ச்சியையும் அப்பம் மீட்பையும் உணர்த்தின. ஆகவே நத்தார் மரத்தின் முதல் அணிகளுக்குச் சமயப் பொருள் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை உண்ணத்தக்க பொருள்கள் என்பதையும் மறத்தலாகாது. விழா முடிவில் மரத்தை உலுக்கி, விழுந்தவற்றைச் சிறுவர் உண்பது வழக்கமாக இருந்தது. ஆண்டுதோறும் உண்டு தீர்ந்துவிடும் அணியைச் சேகரித்தல் இயலாது. சேகரிப்பதற்குரிய அணி தோன்ற வேண்டுமாயின் உண்ணும் பொருளின் இடத்தை உண்ணாப் பொருள் பெறுதல் வேண்டும். அம்மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முழுமை பெற்றது.

அந்நூற்றாண்டில் நத்தார் மரம் நகர்ப்புற நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் சின்னமாயிற்று. விக்ரோறியா மகாராணியும் அல்பேர்ட் இளவரசரும் தம் பிள்ளைகளுடன் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை 1848இல் இலண்டன் வார இதழொன்று வெளியிட்டது. 1850இல் அமெரிக்க மகளிர் சஞ்சிகையொன்று அதே படத்தை மறுபிரசுரம் செய்தது. ஆனால் அரசியின் முடியணியும் இளவரசரின் மீசையும் அப்படத்திலிருந்து நீக்கப்பட்டன. அரச குடும்பம் ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பமாக மாறிற்று. ஒரு சின்னம் ஒரு சமூகத்திலிருந்து மற்றொரு சமூகத்துக்குச் செல்லும்போது அதன் பழைய அடையாளங்கள் எவ்வாறு துடைக்கப்படுகின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

லௌஷாவின் கண்ணாடித் தொழில்

ஜேர்மனியின் துரிங்கியா மலைக்காட்டில் அமைந்துள்ள சிற்றூர் லௌஷா. சுவாபியாவைச் சேர்ந்த ஹன்ஸ் கிறைனர், பொகீமியாவைச் சேர்ந்த கிறிஸ்தோப் முல்லர் ஆகிய இருவரும் 1597இல் கோபூர்க் கோமகன் யொஹான் கசிமிரிடம் உரிமை பெற்று அங்கு கண்ணாடி உலையொன்றை நிறுவினர். உலைக்கு வேண்டிய விறகைக் காடு தந்தது. கண்ணாடிக்கு வேண்டிய மணலும் சாம்பலும் அயலிற் கிடைத்தன. பயிர்ச்செய்கைக்கு ஏற்ற நிலம் மிகக் குறைவு. எனவே அவ்வூர் மக்களின் வாழ்வு கண்ணாடியோடு பிணைக்கப்பட்டதாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் விளக்குச் சுடரிற் கண்ணாடிக் குழாயை இளக்கி ஊதும் முறை அங்கு பரவியது. இம்முறை தொழிலின் சமூக அமைப்பையே மாற்றியது. பொது உலையில் இடமில்லாதவனும் தன் வீட்டு மேசையில் ஒரு விளக்கும் துருத்தியும் வைத்துத் தொழில் செய்ய முடிந்தது. உள்ளீடற்ற மணிகள், பொம்மைக் கண்கள், பின்னர் மனிதருக்கான செயற்கைக் கண்கள் ஆகியன அவ்வாறு செய்யப்பட்டன. மணியின் உட்புறத்தில் உலோகப் பூச்சிட்டு ஒளிரச் செய்யும் நுட்பத்தையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

நத்தார் மரக் கண்ணாடி உருண்டையின் தோற்றம் பற்றி லௌஷாவில் ஒரு கதை வழங்குகின்றது. ஏழைத் தொழிலாளி ஒருவன் தன் பிள்ளைகளின் மரத்துக்கு அப்பிளும் கொட்டைகளும் வாங்க வழியின்றி, அவற்றைக் கண்ணாடியில் ஊதிச் செய்தான் என்பது அக்கதை. பிரான்சின் மைசென்தால் பகுதியிலும் இதனையொத்த கதையொன்று உண்டு. 1858இல் வறட்சியால் அப்பிள் விளையாது போகவே, கண்ணாடித் தொழிலாளி ஒருவன் கண்ணாடி அப்பிள் செய்தான் என்பர். இரு கதைகளிலும் இல்லாமையே படைப்பின் தாயாகின்றது. கதைகள் என்ற அளவில் இவை பொருள் பொதிந்தன. தொழிலாளரின் வறுமை பற்றிய நினைவு இவற்றில் உறைந்துள்ளது.

ஆயினும் ஆவணம் கூறுவது வேறு. 1848ஆம் ஆண்டைச் சேர்ந்த லௌஷாத் தொழிலாளி ஒருவரின் கட்டளைப் புத்தகத்தில், பல அளவுகளில் ஆறு டசின் நத்தார் மர உருண்டைகளுக்கான கட்டளை பதிவாகியுள்ளது. இப்பொருள் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக இது கொள்ளப்படுகின்றது. தந்தை பிள்ளைகளுக்குச் செய்த பரிசாகவன்றி, டசின் கணக்கில் விற்பனைக்குச் செய்யப்பட்ட சரக்காகவே கண்ணாடி உருண்டை வரலாற்றிற் புகுகின்றது. மணி செய்வோனுக்கு இது புதிய கண்டுபிடிப்புமன்று. ஏற்கெனவே அறிந்த நுட்பத்தின் விரிவாகும்.

அதன் பின்னர் இரு தொழினுட்ப மாற்றங்கள் விரைவாக நிகழ்ந்தன. 1867இல் லௌஷாவில் எரிவாயு நிலையம் நிறுவப்பட்டது. சீரான, வெப்பமிக்க சுடர் கிடைத்ததால் பெரிய, மெல்லிய உருண்டைகளை ஊத முடிந்தது. ஈயமும் வெள்ளீயமும் கொண்டு செய்த பழைய உட்பூச்சின் இடத்தை, இரசாயனவியல் அறிஞர் யுஸ்டுஸ் வொன் லீபிக்கின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த வெள்ளிநைத்திரேற்றுப் பூச்சு பெற்றது. இன்று மரபின் ஒளியெனப் போற்றப்படும் பளபளப்பு அக்காலத்தின் புத்தம்புது விஞ்ஞானத்தின் விளைவாகும்.

வீடே தொழிற்சாலை

லௌஷா அணிகளின் உற்பத்தி முறை வரலாற்று மாணவரின் தனிக் கவனத்துக்குரியது. குடும்பத்தலைவன் சுடரின்முன் அமர்ந்து குழாயை இளக்கி ஊதுவான். பழம், பறவை, மனித முகம் போன்ற உருவங்களுக்கு அச்சினுள் வைத்து ஊதுவான். அணியின் உள்ளே வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்கிப் பூசுதலும், பின்னர் அவற்றை ஆணியடித்த பலகைகளில் குத்தி உலரவைத்தலும் பெரும்பாலும் பெண்களின் பணி. வர்ணம் தீட்டுதல், நீண்டிருக்கும் காம்பை அறுத்தல், உலோக மூடி பொருத்துதல், டசின்களாகப் பெட்டியிலடுக்குதல் ஆகியவற்றிற் சிறுவரும் முதியோரும் பங்குகொண்டனர். உறங்கும் அறை, சமைக்கும் அறை, தொழிற்கூடம் என்ற வேறுபாடு பல வீடுகளில் இருக்கவில்லை.

இவ்வாறு உருவான சரக்கு அயலிலுள்ள சொன்னபேர்க் நகருக்குச் சென்றது. பொம்மை வணிகத்துக்குப் பேர்பெற்ற அந்நகரின் வணிகர்களே கட்டளை கொடுத்தனர். விலையையும் பெரிதும் அவர்களே நிர்ணயித்தனர். முதுகிற் பெருங்கூடைகளைச் சுமந்து மலைப்பாதையில் அச்சரக்கைக் கொண்டு சேர்த்தோர் பெண்கள். 1886இல் லௌஷாவுக்குப் புகையிரதப் பாதை வந்த பின்னர் போக்குவரத்து எளிதாயிற்று. ஆயின் வணிகனுக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவு அதனால் மாறிவிடவில்லை. கருவிகள் தொழிலாளியுடையன, வீடும் அவனுடையது. சந்தையோ அவனுடையதன்று. வெளித்தோற்றத்திற் சுதந்திரக் கைவினைஞனாகவும் உண்மையிற் கூலியாளனாகவும் அவன் வாழ்ந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் குடிசைக் கைத்தொழில்கள் பலவற்றுக்கும் பொதுவான முரண்பாடு இது.

அமெரிக்கச் சந்தையின் தேவை இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கிற்று. மலிவு விலைக் கடைகளின் அதிபரான எஃப். டபிள்யு. வூல்வேர்த் 1880ஆம் ஆண்டளவில், பிலடெல்பியா இறக்குமதியாளர் ஒருவரிடமிருந்து இருபத்தைந்து டொலர் பெறுமதியான அணிகளைத் தயக்கத்துடன் வாங்கினார் என்றும், எளிதில் உடையக்கூடிய, பயனற்ற இப்பொருளை எவரும் வாங்கார் என அவர் எண்ணியிருக்க, அவை இரு நாளில் விற்றுத் தீர்ந்தன என்றும் அவரது வரலாறு கூறுவோர் எழுதுவர். 1890இல் அவர் ஐரோப்பா சென்று நேரடியாகக் கொள்முதல் செய்யத் தொடங்கினார். ஐந்து சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் விற்கும் கடையில் இவ்வணி இடம்பெற்றமையால், அது செல்வர் வீட்டிலிருந்து தொழிலாளர் வீட்டுக்கும் சென்றது. மலிவு என்னும் அச்சனநாயகப் பண்பின் மறுபுறம் துரிங்கியாவில் இரவு பகலாக உழைத்த குடும்பங்களாகும்.

உருவங்களும் அவற்றின் ஊற்றுக்களும்

அணிகளின் உருவங்களை ஆராயின் மூன்று வேறுபட்ட ஊற்றுக்கள் புலப்படும். முதலாவது சமய மரபு. தேவதூதன், விண்மீன், மணி, மீன், அப்பிள் ஆகியன இதன்பாற்படும். இரண்டாவது நாட்டார் நம்பிக்கை. செந்நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்ட காளான், பன்றி, புகைபோக்கி துப்புரவு செய்வோன் ஆகியன ஜேர்மானிய மக்களிடையே நற்பேற்றின் சின்னங்கள். இவை நத்தாரைக் காட்டிலும் புத்தாண்டோடு நெருங்கிய தொடர்புடையன. இரு விழாக்களும் ஒரே வாரத்தில் அமைவதால் புத்தாண்டின் சின்னங்கள் நத்தார் மரத்தில் ஏறிக்கொண்டன எனலாம். மூன்றாவது சந்தை. கோமாளி, எக்காளம், மோட்டார் வண்டி, ஆகாயக் கப்பல் முதலிய உருவங்களுக்குச் சமயப் பொருளுமில்லை, பழம்பொருளுமில்லை. புதிய உருவம் புதிய கட்டளையைக் கொணரும் என்பதே அவற்றின் காரணம். கரட், வெள்ளரி போன்ற மரக்கறி வடிவங்களிற் பலவும் பழங்களின் வரிசையை நீட்டிப் புதுமை காட்டும் முயற்சியாகவே தோன்றுகின்றன.

ஒரே மரம் எத்தகைய பொருளையும் தாங்கும் என்பதை இருபதாம் நூற்றாண்டு கொடுமையாக நிரூபித்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனியில் போர்க்கப்பல், எறிகுண்டு, இரும்புச் சிலுவை ஆகிய வடிவங்களில் அணிகள் செய்யப்பட்டன. சமாதானத்தின் பிறப்பைக் கொண்டாடும் மரத்திற் படைக்கலம் தொங்கிற்று. 1933இன் பின்னர் நாற்சி ஆட்சி, விழாவிலிருந்து கிறிஸ்தவக் கூறுகளை அகற்றி அதனைப் புராதன ஜேர்மானியரின் குளிர்காலச் சூரிய விழாவாகக் காட்ட முயன்றது. பெத்லகேம் விண்மீனின் இடத்திற் சூரியச் சக்கரம் வைக்கத் தூண்டப்பட்டது; சுவஸ்திகா பொறித்த உருண்டைகளும் விற்பனைக்கு வந்தன. 'பண்டைய மரபு' என்ற சொல் எவ்வளவு எளிதில் அதிகாரத்தின் கருவியாகும் என்பதை இவ்வுதாரணம் உணர்த்துகின்றது. குறியீட்டின் பழமையை ஆதாரமின்றி ஏற்றுக்கொள்வது தீங்கற்ற பழக்கம் என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இயந்திரமும் பிளவுபட்ட நாடும்

முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடல் முற்றுகையால் ஜேர்மன் சரக்கு அமெரிக்காவை அடைவது தடைப்பட்டது. போருக்குப் பின்னர் வணிகம் மீண்டதாயினும் பொகீமியாவும் யப்பானும் போட்டியாளர்களாயின. இரண்டாம் போர் நெருங்கியபோது, ஜேர்மனியிலிருந்து அணிகளை இறக்குமதி செய்துவந்த மக்ஸ் எக்கார்ட் என்பார் முன்னெச்சரிக்கையுடன் மாற்றுவழி தேடினார். அவரும் வூல்வேர்த் நிறுவனமும் வேண்டிக்கொண்டதற்கிணங்க, கோர்ணிங் கண்ணாடி நிறுவனம் 1939இல் மின்குமிழ் செய்யும் இயந்திரத்தை நத்தார் உருண்டை செய்யப் பயன்படுத்திற்று. 1940இல் அவ்வியந்திரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300,000 உருண்டைகளை வெளியிட்டது. லௌஷாக் கைவினைஞர் ஒருவர் நாள் முழுவதும் உழைத்தாலும் சில நூறே செய்ய முடியும். போர்க்காலத் தட்டுப்பாட்டால் வெள்ளிப்பூச்சு இல்லாத, மெல்லிய வர்ணக் கோடுகள் மட்டும் கொண்ட உருண்டைகள் வெளிவந்தன. உலோக மூடியின் இடத்திற் காகித அட்டை மூடி அமைந்தது. அன்றைய வறுமையின் அடையாளமாகிய அவ்வட்டை மூடியே இன்று சேகரிப்போருக்குக் காலத்தைக் கணிக்க உதவும் சான்றாகியுள்ளது.

போரின் முடிவில் லௌஷாவும் சொன்னபேர்க்கும் சோவியத் ஆட்சிப்பகுதியில் அடங்கி, 1949 முதல் ஜேர்மன் சனநாயகக் குடியரசின் பகுதிகளாயின. தொழிலாளர் சிலர் எல்லைக்கு அப்பால், மேற்கு ஜேர்மனியிலிருந்த நொய்ஸ்ராட் என்னும் அயல் நகரிற் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தனர். சில மைல் தூரத்தில் ஒரே கைவினை இரு வேறு பொருளாதார அமைப்புகளில் வாழ்ந்தது. கிழக்கில் எஞ்சிய தனியார் தொழிலகங்கள் 1972இல் அரசுடைமையாக்கப்பட்டன. சமயத்திற் பற்றற்ற அரசு, அந்நியச் செலாவணி வேண்டி நத்தார் அணிகளை மேற்குக்கு ஏற்றுமதி செய்தது. 1990இல் நாடு ஒன்றிணைந்ததும் அரசுத் தொழிலகங்கள் கலைக்கப்பட்டு, கைத்தொழில் மீண்டும் சிறு குடும்பத் தொழிற்கூடங்களைச் சார்ந்ததாயிற்று.

சேகரிப்பும் புனையப்பட்ட பொருளும்

இயந்திர உருண்டை எங்கும் நிறைந்த பின்னரே கைவினை உருண்டை அரிய பொருளாயிற்று. உடையுந் தன்மை அதன் அருமையை ஆண்டுதோறும் கூட்டியது. 1973இல் ஹோல்மார்க் நிறுவனம் ஆண்டு குறிப்பிட்ட, அவ்வாண்டு மட்டுமே விற்கப்படும் அணிகளை வெளியிடத் தொடங்கிற்று. 1980இல் அமெரிக்காவிற் பழைய அணிகளைச் சேகரிப்போரின் சங்கம் உருவாயிற்று. 1981 முதல் வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் ஆண்டுக்கொரு அணி வெளியிட்டு வருகின்றது. முன்னர் அருமை காலத்தால் நேர்ந்தது. இப்போது அருமையே திட்டமிட்டு உற்பத்தி செய்யப்படும் பண்டமாயிற்று.

இச்சூழலில் குறியீட்டு விளக்கம் புதிய பணியொன்றை ஏற்றது. அதற்குச் சிறந்த உதாரணம் உப்பிலிட்ட வெள்ளரிக்காய் வடிவ அணி. மரத்தின் பச்சைக் கிளைகளிடையே மறைத்து வைக்கப்படும் வெள்ளரியை நத்தார்க் காலையில் முதலிற் காணும் பிள்ளை மேலதிகப் பரிசு பெறும் என்றும், இது ஜேர்மனியின் பழைய வழக்கம் என்றும் அமெரிக்காவிற் கூறுவர். ஆனால் ஜேர்மனியிற் பெரும்பாலோர் இவ்வழக்கத்தை அறியார். அகச்சான்றும் அதற்கு எதிராகவே உள்ளது. ஜேர்மனியிற் பரிசுகள் நத்தார் நாளுக்கு முந்திய மாலையிலேயே திறக்கப்படுகின்றன. புனித நிக்கலஸ் வருவதோ டிசெம்பர் 6ஆம் நாளில். காலையில் எழுந்து தேடும் கதை அமெரிக்க வீட்டின் நடைமுறைக்கே பொருந்துவது. பொருள் ஜேர்மனியிற் பிறந்திருக்கலாம். கதை அமெரிக்கச் சந்தையிற் பிறந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். இதில் வியப்பு யாதெனில், அக்கதை பின்னர் ஜேர்மனிக்கே திரும்பி, அங்குள்ள கடைகளிலும் வெள்ளரி அணி விற்பனைக்கு வந்தமையாகும்.

மணமகளுக்குக் கொடுக்கும் பன்னிரு அணிகளின் தொகுதியும் இத்தகையதே. தேவதூதன் இறைவனின் வழிநடத்தலையும், தேநீர்க் குவளை விருந்தோம்பலையும், தேவதாரு மரக்காய் மகப்பேற்றையும் குறிக்கும் என அத்தொகுதியுடன் வழங்கும் விளக்க அட்டை கூறும். இதிலுள்ள உருவங்கள் பலவும் பழைய அச்சுக்களிலிருந்து வந்தவை. அவற்றைப் பன்னிரண்டாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்பண்பைப் பொருத்தியதில் விற்பனையாளரின் கைவண்ணம் தெரிகின்றது. எரிக் ஹொப்ஸ்போம், ரெறன்ஸ் ரேஞ்சர் ஆகியோர் 1983இல் பதிப்பித்த 'மரபின் புனைவு' பற்றிய கட்டுரைத் தொகுதி, பழமையானவை எனக் கருதப்படும் சடங்குகள் பல அண்மைக்காலப் படைப்புகளே என எடுத்துக்காட்டியது. அரச விழாக்களுக்கும் தேசியச் சின்னங்களுக்கும் பொருந்தும் அக்கருத்து, ஒரு கண்ணாடி வெள்ளரிக்கும் பொருந்துகின்றது.

எனினும் புனையப்பட்டது என்பதனாலேயே அது பொருளற்றது என்றாகாது. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரே உருண்டையை மரத்திலிட்டு வருமாயின், அதில் அக்குடும்பத்தின் நினைவு உண்மையாகவே படிந்துள்ளது. வரலாற்று மாணவன் மறுப்பது அந்நினைவையன்று. புதிதாய்க் கற்பிக்கப்பட்ட பொருள் பழைய உண்மையொன்றை மறைக்குமாயின் அம்மறைப்பையே அவன் சுட்டிக்காட்டுகின்றான். சேகரிப்போரின் பட்டியல்கள் அணியின் ஆண்டையும் நிலைமையையும் விலையையும் நுணுக்கமாகக் கூறுகின்றன, குறியீட்டையும் விரித்துரைக்கின்றன. ஆனால் அதனை ஊதியவன், வெள்ளிபூசியவள், மூடி பொருத்திய சிறுவன், கூடை சுமந்தவள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்குமில்லை. காளான் நற்பேற்றைக் குறிக்கும் என்று படிப்போர், அக்காளானைச் செய்த குடும்பத்தின் பேறு எத்தகையது எனக் கேட்பது அரிது.

அண்மை ஆண்டுகளில் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. செக் நாட்டில் ஊதிய கண்ணாடி மணிகளால் நத்தார் அணி செய்யும் கைவினையை 2020இல் யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2021இல் லௌஷாவின் வாயால் ஊதிச் செய்யும் அணிக்கலை ஜேர்மனியின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது. 2023இல் கையாற் செய்யும் கண்ணாடித் தொழிலின் அறிவும் திறனும், ஜேர்மனி, பிரான்சு உள்ளிட்ட ஆறு நாடுகளின் பொது மரபுரிமையாக ஏற்கப்பட்டன. இவ்வேற்புகளில் முதன்மை பெறுவது பொருளன்று. அதன்மீது ஏற்றப்பட்ட கதையுமன்று. செய்யும் கையின் அறிவே ஆகும். நத்தார் மரத்துக் கண்ணாடி அணியின் குறியீடு யாது என்ற வினாவுக்கு வரலாறு தரக்கூடிய ஆதாரபூர்வமான விடையும் அதுவே. ஒவ்வோர் அணியின் தலையிலும் மூடிக்குள் மறைந்திருக்கும் அறுபட்ட காம்பு, அது ஒருவரின் மூச்சினால் உருவானது என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.